செயல்முறை ஆய்வை வேலையில் இறக்குவது எப்படி: ஆலை முதல் ஆம்புலன்ஸ் வரை

1941-இல் பிரிட்டனின் கடலோர விமானப் படைக்கு ஒரு தலைவலி. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் மீது எத்தனை குண்டு வீசினாலும் பலன் சொற்பம். நீருக்கடியில் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி குண்டுகளை அமைத்திருந்தார்கள். விமானத்தைக் கண்டதும் கப்பல் மூழ்கத் தொடங்கும், குண்டு வந்து விழுவதற்குள் அந்த ஆழத்துக்குப் போயிருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் பழைய தாக்குதல் பதிவுகளைப் புரட்டினார். ஆழத்துக்குப் போய்விட்ட கப்பல் எந்தத் திசையில் திரும்பியது என்று விமானிக்குத் தெரியாது. அங்கே எவ்வளவு போட்டாலும் குறி தப்பும். குறி பிசகாமல் அடிக்க முடிந்தது, மேற்பரப்பில் இருந்த கப்பலையும் அப்போதுதான் மூழ்கத் தொடங்கிய கப்பலையும் மட்டுமே. ஆனால் குண்டு அவற்றைத் தாண்டிக் கீழே போய் வெடித்துக்கொண்டிருந்தது.

வெடிக்கும் ஆழம் படிப்படியாக 25 அடிக்குக் குறைக்கப்பட்டது. பலன் பல மடங்கு கூடியது. பிரிட்டன் புதிதாகச் சக்திவாய்ந்த வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டது என்றே பிடிபட்ட ஜெர்மன் மாலுமிகள் நம்பினார்கள் என்று அந்த ஆய்வுக் குழுவை நடத்திய பேட்ரிக் பிளாக்கெட் பின்னாளில் எழுதினார். உண்மையில் மாறியது ஓர் அமைப்பு எண் மட்டும்.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயல்முறை ஆய்வு இப்படித்தான் பெயர் எடுத்தது. இருக்கிற ஆள், இருக்கிற இயந்திரம், இருக்கிற நேரம் ஆகியவற்றைக் கொண்டே கூடுதல் பலன் எடுப்பது அதன் வேலை. பாடப்புத்தகங்கள் இதைச் சூத்திரங்களின் தொகுப்பாகக் காட்டுகின்றன. ஆனால் ஒரு தொழிற்சாலையிலோ அரசு அலுவலகத்திலோ இதைச் செய்ய இறங்கினால், சூத்திரம் போடும் நேரம் மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கேள்வியைச் சரியாகக் கேட்பது, அளப்பது, ஒப்புக்கொள்ள வைப்பது ஆகிய மூன்றும்தான் நாளைத் தின்னும். இந்த வழிகாட்டியிலும் அவற்றுக்கே அதிக இடம்.

படி 1: "சிறப்பாக" என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாவட்டத்துக்கு ஆறு ஆம்புலன்ஸ்கள். எங்கெங்கே நிறுத்துவது? "நோயாளியிடம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்" என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கணக்காக எழுதும்போதுதான் சிக்கல் தலைதூக்கும்.

சராசரி நேரத்தைக் குறைக்கச் சொன்னால், கணினி ஏறக்குறைய எல்லா வண்டிகளையும் மக்கள் நெருக்கம் மிகுந்த நகர மையத்தைச் சுற்றி நிறுத்தும். தொலைவில் உள்ள சிற்றூர்கள் எண்ணிக்கையில் சிறியவை என்பதால் சராசரியில் காணாமல் போகும். "8 நிமிடத்துக்குள் எட்டப்படும் அழைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டு" என்று மாற்றினால், 9 நிமிடத்தில் எட்டப்படுபவரும் 40 நிமிடம் காத்திருப்பவரும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான். இருவருமே தோல்வி. சரி, மிக மோசமான நேரத்தைக் குறைப்போம் என்றால், எங்கோ மலையடிவாரத்தில் இருக்கும் பத்து வீடுகள் ஒரு வண்டியையே தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

மூன்றில் எது சரி என்று கணிதம் சொல்லாது. அது பொறுப்பில் இருப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. மூன்று விடைகளையும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் ஆய்வாளர் செய்யக்கூடிய நேர்மையான காரியம். "நீங்களே ஒரு நல்ல விடை சொல்லுங்கள்" என்று அதிகாரி கேட்டாலும் அந்த வலையில் விழாதீர்கள்.

முதல் கூட்டத்தில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? ஒரு வருடம் கழித்து எந்த எண்ணைப் பார்த்து இது வெற்றி என்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

படி 2: இடத்துக்குப் போய் அளவெடுங்கள்

அலுவலகத்தில் கிடைக்கும் தரவு, நடந்ததை அல்ல, பதிவானதைச் சொல்கிறது. மருத்துவமனைக் கவுண்டரின் கணினியில் இருக்கும் "வந்த நேரம்" என்பது பெரும்பாலும் சீட்டு அச்சான நேரம். அதற்கு முன்பு ஒருவர் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கலாம். வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் எந்தப் பதிவிலும் இல்லை. ஆலையில் "இயந்திரம் ஓடிய நேரம்" என்ற கட்டத்தில் பணிநேரத்தின் மொத்த மணிகளே எழுதப்பட்டிருக்கும். அச்சு மாற்றிய நேரமும் கச்சாப்பொருளுக்குக் காத்திருந்த நேரமும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

எனவே ஒரு வாரம் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். சராசரியை மட்டும் குறிக்காதீர்கள், ஏற்ற இறக்கத்தையும் குறியுங்கள். மணிக்கு 12 பேர் வருகிறார்கள் என்பதைவிட, 10 மணி பஸ் வந்ததும் ஒரே நேரத்தில் 9 பேர் நுழைகிறார்கள் என்பதுதான் பயனுள்ள செய்தி.

கைக்கடிகாரம் இல்லாமலே காத்திருப்பை அளக்க ஒரு வழி உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி அது: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். நாள் முழுவதும் அவ்வப்போது தலைகளை எண்ணுகிறீர்கள்; சராசரியாக 45 பேர் இருக்கிறார்கள். மணிக்கு 30 பேர் வந்து போகிறார்கள். அப்படியானால் ஒருவர் சராசரியாக ஒன்றரை மணி நேரம் உள்ளே இருக்கிறார். இந்த விதி மருத்துவமனைக்கும் பொருந்தும், பாதி முடிந்த சரக்கு தேங்கிக் கிடக்கும் ஆலைத் தளத்துக்கும் பொருந்தும், மேசையில் குவிந்த கோப்புகளுக்கும் பொருந்தும். எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று எண்ணத் தெரிந்தால் எவ்வளவு தாமதம் என்று சொல்லிவிடலாம்.

படி 3: கணக்கை எழுதுங்கள்

எழுத வேண்டியவை மூன்று: எதைத் தீர்மானிக்கிறோம், எதைக் கூட்டவோ குறைக்கவோ விரும்புகிறோம், எவை நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. 1939-இல் சோவியத் யூனியனில் லியோனிட் கான்டரோவிச் ஓர் ஒட்டுப்பலகை ஆலைக்காக இப்படித்தான் எழுதத் தொடங்கினார். எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை உரிப்பது என்ற கேள்வி 1975-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தபோதும் பேசப்பட்டது.

சிறிய ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டறையில் சிறிய பம்பு, பெரிய பம்பு என்று இரண்டு வகை. சிறியதில் லாபம் 50, பெரியதில் 70. சிறியதற்குக் கடைசல் இயந்திரத்தில் 1 மணி நேரம், பெரியதற்கு 2 மணி நேரம். பொருத்தும் மேசையில் இரண்டுக்கும் தலா 1 மணி நேரம். வாரத்தில் கடைசல் 80 மணி நேரம், பொருத்துதல் 50 மணி நேரம் கிடைக்கின்றன.

லாபம் அதிகம் என்று பெரியதை மட்டும் செய்தால் 40 பம்புகள், லாபம் 2,800. பொருத்தும் ஆட்கள் 10 மணி நேரம் சும்மா இருப்பார்கள். சிறியதை மட்டும் செய்தால் 50 பம்புகள், 2,500. இந்த முறை கடைசல் இயந்திரம் 30 மணி நேரம் ஓய்வெடுக்கும். சிறியது 20, பெரியது 30 என்று கலந்தால் இரண்டு இடத்திலும் ஒரு நிமிடம்கூட மிஞ்சாது, லாபம் 3,100.

இதுவரை பள்ளிக் கணக்கு. முதலாளிக்குப் பயன்படும் விஷயம் அடுத்ததுதான். கடைசலில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் என்ன ஆகும்? 19-ம் 31-ம் என்று கலவை மாறும், லாபம் 3,120. அதாவது அந்த ஒரு மணியின் மதிப்பு 20. பொருத்துதலில் ஒரு மணி கூடினால் 22-ம் 29-ம். லாபம் 3,130, மதிப்பு 30. இதற்கு நிழல் விலை என்று பெயர். மிகைநேரக் கூலி மணிக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தும் மேசைக்கு அந்தக் கூலியைக் கொடுத்தால் லாபம், கடைசலுக்குக் கொடுத்தால் நஷ்டம். பட்டறையில் யாரைக் கேட்டாலும் இரைச்சலோடு ஓடும் பெரிய இயந்திரத்தைக் காட்டி "இன்னொன்று வாங்குங்கள்" என்பார்கள். மூலையில் அமைதியாக இருக்கும் மேசையில்தான் பணம் முடங்கிக் கிடக்கிறது.

விட்டுப்போன கட்டுப்பாடு

மேலே போட்ட பம்புக் கணக்கு போன்றவற்றுக்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். அவற்றைத் தீர்க்க 1947-இல் சிம்பிளெக்ஸ் என்ற முறையைத் தந்த ஜார்ஜ் டான்ட்சிக்குக்கே நடந்தது இது. உடல் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்ல, தன் உணவுப் பட்டியலைக் கணினியிடமே விடத் தீர்மானித்தார். வயிறு நிறைந்த உணர்வைக் கூட்டுவது குறிக்கோள். நீரைக் கழித்துவிட்டு மீதமுள்ள உணவின் எடைதான் அதற்கு அளவுகோல். கணினி கொடுத்த பட்டியலில் நாளுக்கு 500 காலன் வினிகர் இருந்தது. தரவுப் பட்டியலில் வினிகருக்கு நீர்ச்சத்து பூஜ்யம் என்று இருந்ததே காரணம். வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார்; இப்போது நாளுக்கு 200 சூப் கட்டிகள். உப்புக்கு மேல்வரம்பு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

நகைச்சுவையாகத் தோன்றினாலும் இந்தத் துறையில் இதுதான் தினசரி வேலை. கணினி சொன்னதைச் செய்யும், சொல்லாததை மீறும். பணிப்பட்டியல் போடச் சொன்னால் ஒரே செவிலியரை இரவுப் பணி முடிந்த கையோடு காலைப் பணிக்கும் அனுப்பும். கூடாது என்று எங்கேயும் எழுதப்படவில்லையே! எனவே முதல் விடையை மேற்பார்வையாளரிடம் காட்டும்போது "சரியா?" என்று கேட்காதீர்கள். "இதை ஏன் செய்ய முடியாது?" என்று கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒவ்வொரு காரணமும் நீங்கள் எழுத மறந்த ஒரு கட்டுப்பாடு.

படி 4: உங்கள் சிக்கல் எந்தக் குடும்பம்?

புதிது என்று தோன்றும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பெயரிடப்பட்டவை. குடும்பத்தை அடையாளம் கண்டால் பாதி வேலை முடிந்தது.

வரிசை. இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக ஏ. கே. எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த கணிதம் இது. ஒரு கவுண்டர், ஒருவருக்குச் சராசரி 4 நிமிடம், அதாவது மணிக்கு 15 பேரைக் கவனிக்கலாம். ஆட்கள் முன்னறிவிப்பின்றி வருகிறார்கள், சேவை நேரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மணிக்கு 12 பேர் வந்தால் வரிசையில் சராசரிக் காத்திருப்பு 16 நிமிடம். மணிக்கு ஒன்றரைப் பேர் கூடி 13.5 ஆனால் 36 நிமிடம். 14.25 ஆனால் 76 நிமிடம். வேலைப்பளு 80 சதவீதத்திலிருந்து 95-க்குப் போனபோது காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. "ஊழியர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறார்களே" என்று ஆள் குறைக்கும் நிர்வாகிகள் இந்த மூன்று எண்களைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். அந்தச் "சும்மா" இருக்கும் நேரம்தான் வரிசை நீளாமல் வைத்திருக்கிறது.

இதே போன்ற இரண்டு கவுண்டர்கள் அருகருகே இருந்து, ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 12 பேர் தனித்தனி வரிசையில் நின்றால் இரண்டிலும் 16 நிமிடம். அதே 24 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, காலியாகும் கவுண்டருக்கு அனுப்பினால் 7 நிமிடம். ஆளும் கூடவில்லை, செலவும் இல்லை. ஒரு கயிறும் ஓர் அறிவிப்புப் பலகையும் போதும்.

கையிருப்பு. ஒரு முறைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் கொடுத்த சூத்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஆண்டுத் தேவையையும் ஓர் ஆர்டர் போடும் செலவையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இதன் அழகு துல்லியத்தில் இல்லை. விடை வந்த அளவைப்போல இரண்டு மடங்கு வாங்கினாலும் ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து 25 சதவீதம்தான் கூடும். 40 சதவீதம் அதிகமாக வாங்கினால் 6 சதவீதம்கூடக் கூடாது. எனவே லாரி நிறையும் அளவுக்கு முழுமையாக்கிக்கொள்ளுங்கள், தசமப் புள்ளிக்குச் சண்டை வேண்டாம்.

நாளைக்கு உதவாத பொருளுக்குக் கணக்கு வேறு. ஓர் அலகு பற்றாமல் போனால் நஷ்டம் 3, ஓர் அலகு மிஞ்சினால் நஷ்டம் 1 என்றால், 3-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 4-ஆல் வகுங்கள்: 0.75. நூறு நாளில் 75 நாள் தேவையை நிறைவேற்றும் அளவே சரியான இருப்பு. சராசரித் தேவையை மட்டும் வாங்கி வைப்பது பழக்கத்தால் வரும் தவறு. காலாவதியாகும் மருந்துக்கும் இதே கணக்குதான். அங்கே தட்டுப்பாட்டின் விலை பன்மடங்கு என்பதால் கொஞ்சம் வீணாவதை ஏற்கத்தான் வேண்டும்.

வழித்தடம். 15 இடங்களுக்குப் போகும் வண்டிக்கு 1.3 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வரிசைமுறைகள் உண்டு. எல்லாவற்றையும் சோதிப்பது நடக்காது, தேவையுமில்லை. அமெரிக்காவின் பார்சல் நிறுவனமான யு.பி.எஸ். ஓரியன் என்ற மென்பொருளால் சுமார் 55,000 வழித்தடங்களை ஒழுங்குபடுத்தி ஆண்டுக்கு 10 கோடி மைல் மிச்சப்படுத்துவதாகக் கூறியது. ஆனால் ஓட்டுநர்கள் நம்பும்படியான வழிகளை அது சொல்லத் தொடங்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

பொருத்தம் பார்த்தல். உறவினருக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தும் ரத்த வகை சேராத இணைகளைக் கணினி சங்கிலியாகக் கோத்து, ஒருவரின் சிறுநீரகம் மற்றவரின் உறவினருக்குப் போகும்படி செய்கிறது. 2012-இல் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத்தின் பணிகளில் இதுவும் ஒன்று. இந்தத் துறைக்கு இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது.

திட்ட அட்டவணை பற்றி ஒரு வரி போதும்: 1950-களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்திலும் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திலும் பிறந்த முறைகள், எந்த வேலை ஒரு நாள் தாமதமானால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று காட்டும், மற்ற வேலைகளில் ஆட்களை விரட்ட வேண்டாம்.

படி 5: தீர்த்தல்

எக்செலில் இருக்கும் சால்வர், தொடக்கக் கணக்குகள் பலவற்றுக்குப் போதும். பெரியவற்றுக்குப் பைத்தான் மொழியும் கூகுள் இலவசமாகத் தரும் ஓ.ஆர்.-டூல்ஸும் இருக்கின்றன. சூத்திரத்துக்குள் அடங்காத குழப்பங்களுக்கு, கணினியில் ஒரு நாளை ஆயிரம் முறை நடத்திப் பார்க்கும் சிமுலேஷன்.

மிகச் சிறந்த விடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் 77 உணவுகளைக் கொண்டு, 9 சத்துகளும் குறையாத மிக மலிவான ஓராண்டு உணவைக் கையால் கணக்கிட்டார்: 39.93 டாலர். இரண்டு ஆண்டு கழித்துச் சிம்பிளெக்ஸ் முறையில் அதே கணக்கைத் தீர்க்க, மேசைக் கணிப்பான்களோடு 120 ஆள்-நாட்கள் தேவைப்பட்டன. சரியான விடை 39.69 டாலர். வித்தியாசம் 24 சென்ட். தரவே பத்து சதவீதம் முன்பின்னாக இருக்கும் இடத்தில், கடைசி அரை சதவீதத்துக்காக ஒரு மாதம் செலவிடுவது வீண்.

படி 6: பழைய மாதத்தில் ஓட்டிப் பாருங்கள்

போன மாதத் தரவைக் கொடுத்து, போன மாதம் எடுத்த அதே முடிவுகளையும் கொடுத்தால், நீங்கள் எழுதிய கணக்கு, அதாவது மாதிரி (மாடல்), போன மாதச் செலவையோ காத்திருப்பையோ திருப்பிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாத மாதிரிக்கு வரும் மாதத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை. பிறகு உள்ளீடுகளை ஒவ்வொன்றாக 20 சதவீதம் ஏற்றி இறக்குங்கள். விடை அசையாவிட்டால் அந்த எண்ணை மேலும் துல்லியமாக அளக்கத் தேவையில்லை. விடை தலைகீழாகப் புரண்டால் அங்கேதான் மறுபடி போய் நிற்க வேண்டும்.

படி 7: மக்களிடம் கொண்டுபோதல்

2017-இல் பாஸ்டன் நகரப் பள்ளி நிர்வாகம் எம்.ஐ.டி. ஆய்வாளர்களைக் கொண்டு பள்ளிப் பஸ் வழித்தடங்களைக் கணினியில் திட்டமிட்டது. சுமார் 50 பஸ்கள் குறைந்தன. பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. அந்தத் தெம்பில் அடுத்த கட்டமாகப் பள்ளி தொடங்கும் நேரங்களையே கணினி மாற்றியமைத்தது. வளரிளம் பருவத்தினருக்குக் கூடுதல் தூக்கம், பஸ் செலவு மிச்சம் என்று குறிக்கோள்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் பெரும்பாலான பள்ளிகளின் நேரம் மாறியது. சில தொடக்கப் பள்ளிகள் காலை 7:15-க்கே தொடங்க வேண்டியிருந்தது. பிற்பகலிலேயே வீடு திரும்பும் சிறு குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பெற்றோர் கொதித்தெழுந்தனர். டிசம்பரில் அறிவித்த திட்டம் சில வாரங்களுக்குள் கைவிடப்பட்டது.

வழித்தடம் மாறினால் ஓட்டுநரின் வேலை மாறுகிறது. பள்ளி நேரம் மாறினால் ஒரு குடும்பத்தின் நாளே மாறுகிறது. மொத்தத்தில் லாபம் வந்தாலும், இழப்பு யார் தலையில் விழுகிறது என்ற பட்டியலை நீங்களே முதலில் எடுத்துப் பாருங்கள். முந்தைய நிலையிலிருந்து அதிகமாக விலகக் கூடாது என்பதையும் ஒரு கட்டுப்பாடாக எழுதலாம். கொஞ்சம் சேமிப்பு குறையும், ஆனால் திட்டம் நடைமுறைக்கு வரும். தொடக்கத்தில் ஒரு கிளையிலோ ஒரு வார்டிலோ மட்டும் செய்து பாருங்கள்; அதற்கும் மாற்றாத இன்னொரு வார்டுக்கும் ஒரே நாட்களில் அளவெடுத்தால்தான், பலன் உங்கள் திட்டத்தால் வந்ததா, பருவம் மாறியதால் வந்ததா என்று தெரியும்.

படி 8: ஒப்படைத்தல்

நீங்கள் போன பிறகு அந்தக் கோப்பைத் திறப்பவர் யார் என்று இப்போதே கேளுங்கள். மாதிரியின் முதல் பக்கத்தில் அனுமானங்களைச் சாதாரண வாக்கியங்களாக எழுதிவையுங்கள்: "ஒருவருக்கு 4 நிமிடம் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டு கவுண்டர்களிலும் ஐந்து நாள் அளந்தது." பக்கத்தில் அளந்த தேதி. அதற்குக் கீழே, எந்த எண் எவ்வளவு மாறினால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது என்பதையும் எழுதுங்கள். புதிய படிவம் ஒன்று வந்து அந்த 4 நிமிடம் 5 ஆகும் நாளில், மணிக்கு 12 பேர் வரும் கவுண்டரில் வரிசை முடிவில்லாமல் நீளத் தொடங்கும். அப்போது கவுண்டரில் இருப்பவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்து, முதல் வரியிலேயே காரணத்தைக் கண்டுகொள்ள வேண்டும்.